அழிந்த கொடிக்காலுக்கு முறைத் தண்ணீர்

சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்த அடுத்த வருஷம், நாமக்கல் பக்கத்துக் கரடு ஒன்றின் உச்சியிலிருந்து அரசாங்கம் தன் முதல் ராக்கெட்டை விட்டது. அது எங்கே போய் விழுந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. பரமத்தி வேலூருக்கு மேற்கே, சூசைமாணிக்கத்தின் வெற்றிலைக் கொடிக்காலில் குறி தப்பாமல் விழுந்து அதைச் சாம்பலாக்கியது என்பது அரசாங்கத்தின் கருத்து. சூசைமாணிக்கத்தின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அவர் அந்த நேரத்தில் அதே கொடிக்காலுக்குள் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொடிக்காலை இலக்காக வைத்தது யார் என்று கேட்டால் ஒரு குண்டூசியைத்தான் கைகாட்ட வேண்டும். டில்லியில் பெரிய மேஜை ஒன்றின்மேல் விக்டோரியா ராணி காலத்து வரைபடத்தை விரித்து வைத்து, தரிசு என்று போட்டிருந்த இடத்தில் யாரோ ஒரு குண்டூசியைக் குத்தினார்கள். குத்திய கை காபிக் கோப்பையைத் தேடிப் போய்விட்டது. எழுபது எண்பது வருஷத்தில் அந்தத் தரிசில் வாய்க்கால் தண்ணீர் ஏறி, அகத்தி வளர்ந்து, அகத்தியைப் பிடித்து வெற்றிலைக் கொடி ஏறிப் பச்சைப் பந்தல் போட்டிருந்தது குண்டூசிக்குத் தெரியாது. வேலூர் வெற்றிலை என்றால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள் முகர்ந்து பார்க்காமல் வாங்குவார்கள். அதுவும் தெரியாது.

கரட்டின்மேல் எழும்பிய ஆபீசுக்கு ‘உயர்வீச்சு எறிபடைச் சோதனை நிலையம்’ என்று பலகை மாட்டினார்கள். ஜனங்கள் வாண ஆபீஸ் என்றார்கள். திருவிழா வாணம் போல ஒன்று மேலே போகும் என்று சொல்லப்பட்டதால் வந்த பெயர். ஆபீசில் ராக்கெட்டை ஏவும் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதில் ஒரு எஞ்சினியரும் ஒரு மெக்கானிக்கும் இருந்தார்கள். ராக்கெட் விழுந்துவிட்டதாக அறிவிக்கும் பிரிவு என்று இன்னொன்று இருந்தது. அதற்கு மாடிக் கட்டடம், மூன்று ஜீப்பு, ஊர் ஊராக ஒலிபெருக்கி, தனிச் சமையல்காரர்.

இந்த இரண்டுக்கும் மேலே டைரக்டர் தங்கசாமி இருந்தார். ராசிபுரம் பக்கத்து மனிதர். சீமைக்குப் போய், அங்கே வெள்ளைக்காரர்கள் ராக்கெட் விட்டபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். வேறு யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்பதால் அவரையே டைரக்டராகப் போட்டார்கள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் சொந்தப் பேச்சை மறந்து, அச்சடித்த தமிழில்தான் வாய் திறப்பார்.

அவர் சிவப்புக் கொடி கட்டிய கம்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கிய அன்றைக்கே தகராறு ஆரம்பித்தது. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போக மாட்டார்கள். கலெக்டரே வந்தாலும் வேலிப் படலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மீறினால் கொடி வாடிப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கோயிலுக்கு எப்படியோ கொடிக்காலுக்கும் அப்படி.

“ஏனுங்க, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாங்க. கொடிக்காலுங்க,” என்றார் சூசைமாணிக்கம்.

“இது செருப்பு அன்று. பூட்ஸ்.”

“அதையுங் காலுலதானுங்களே போடறது?”

டைரக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பெரியவரே, இந்தப் பூட்ஸ் அரசாங்கத்தின் சொத்து. இதை நான் கழற்றினால் அரசாங்கமே வெறுங்காலோடு நிற்பதாக அர்த்தம். உலக நாடுகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.”

உலக நாடுகள் எந்த வரப்பில் நின்று பார்க்கின்றன என்று சூசைமாணிக்கம் தேடுவதற்குள் பூட்ஸ் உள்ளே போய்விட்டது. நடுக் கொடிக்காலில், செழிப்பான நாலு கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கம்பத்தை நட்டார்கள். சூசைமாணிக்கத்தின் மனைவி இன்பமேரி பிடுங்கிய கொடிகளை மடியில் அள்ளிக்கொண்டு, ஆணி அடித்த அந்தக் கால் விளங்குமா என்று உரக்கவே கேட்டாள். டைரக்டர் அதைப் பொதுமக்களின் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு கையசைத்தார்.

முதல் சோதனைக்கு நல்ல நாள் பார்த்தார்கள். ராக்கெட்டுக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை, அடியில் எலுமிச்சம்பழம். நாதஸ்வரக்காரர் ஊதி முடித்ததும் டைரக்டர் ஸ்விட்சை அழுத்தினார். இந்த ஸ்விட்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏவுவதற்கு ஒன்று, அறிவிப்பதற்கு ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச் வைத்தால் வீண் செலவு என்பதால் இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். அழுத்தினால் ராக்கெட் கிளம்பும். கூடவே, முந்தின வாரமே இசைத்தட்டில் பதிந்து வைத்த அறிவிப்பும் கிளம்பும். ராக்கெட் சில சமயம் கிளம்பாது. இசைத்தட்டு ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

ராக்கெட் தென்னை உயரம் போய், அங்கே எதையோ மறந்துவிட்டது போல நின்று, கிழக்கே திரும்பி, ஒரு வெல்லம் காய்ச்சும் ஆலையின் கொப்பரையில் விழுந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த வருஷம் வெல்லம் பூராவும் வெடிமருந்து வாடை அடித்தது. அதே நேரத்தில் ஒலிபெருக்கிகள் முழங்கின. “இலக்கு தாக்கப்பட்டது. இலக்கில் இருந்த அனைத்தும் அடியோடு அழிந்தன. ஜெய் ஹிந்த்.”

சிவப்புக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து வெற்றிலையை நூறு நூறாகக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்த இன்பமேரி நிமிர்ந்து பார்த்தாள். “ஏனுங்க, நாம அழிஞ்சு போயிட்டமாமா?”

“அப்படித்தான் சொல்றாங்க. நீ கவுளியக் கட்டு. பஸ்ஸு வந்துரும்,” என்றார் சூசைமாணிக்கம்.

அன்றைக்கு இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு அடுத்த முறைத் தண்ணீர் நாள் வரைக்கும்தான் நின்றது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் லஸ்கர் வந்து, கொடிக்காலுக்குப் பிரியும் மதகை இறக்கிப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகினார்.

“என்னுங்க இது? எம்பட முறை இன்னைக்குத்தானுங்க!”

“முறையெல்லாம் பூமி இருக்கறவங்களுக்குங்க. உங்க பூமிதான் அழிஞ்சிருச்சுன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்களே.”

“கண்ணு முன்னால பச்சப்பசேல்னு நிக்குதேங்க!”

“நிக்குதுங்க, நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா அழிஞ்ச பூமிக்குத் தண்ணி உட்டா என்னையச் சஸ்பெண்டு பண்ணிப்போடுவாங்க. எனக்கும் பிள்ள குட்டி இருக்குதுங்க.” லஸ்கர் கெட்டவர் அல்ல. போகும்போது வெற்றிலைக்குக் கை நீட்டினார், வாங்கிப் போட்டுக்கொண்டே போனார்.

கொடிக்காலில் கிணறு கிடையாது. தண்ணீர் நின்றால் வெற்றிலைக் கொடி அதிக நாள் தாங்காது. சூசைமாணிக்கத்துக்கு வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. ஆகவே கிள்ளிய வெற்றிலையில் நல்லதாகப் பார்த்து ஒரு கவுளியை வாழைப்பட்டையில் கட்டிக்கொண்டு, கரட்டின்மேல் ஏறினார். கண்ணால் பார்த்தால் நம்பாமலா போவார்கள் என்பது அவருடைய எண்ணம். அவர் இதற்கு முன்னால் ஆபீசுகளோடு பழகியதில்லை.

டைரக்டர் கட்டைப் பிரித்து, ஒரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். “அருமையான தளிர்,” என்றார்.

“அழிஞ்சு போச்சுன்னு சொன்ன கொடிக்கால் வெத்தலைங்க அது. இன்னைக்குக் காலைல கிள்ளுனது.”

டைரக்டர் மெல்லுவதை நிறுத்தவில்லை. “இருக்க முடியாது. அந்தக் கொடிக்கால் அழிந்துவிட்டது. தாங்கள் விஞ்ஞானம் அறியாதவர், விளக்குகிறேன். இது பாலிஸ்டிக் வகை. மேலே போவது நம் கையில் இருக்கிறது. கீழே வருவது இயற்கையின் கையில் இருக்கிறது. இயற்கை எங்கள் இலாகாவின்கீழ் வராது. எங்கே விழுந்தது என்று பார்க்கப் போனால் நாம் இயற்கையின் வேலையில் தலையிட்டதாக ஆகும். ஆகவே நாங்கள் பார்ப்பதில்லை, அறிவிக்கிறோம்.”

“எனக்குத் தண்ணி மட்டும் உடச் சொல்லுங்க போதும். நீங்க என்ன வேணாலும் அறிவிச்சுக்குங்க.”

“தண்ணீர் விட்டால் கொடிக்கால் இருக்கிறது என்று ஆகும். கொடிக்கால் இருந்தால் ராக்கெட் தப்பிவிட்டது என்று ஆகும். அது சீனாவில் பீகிங் வரைக்கும் கேட்கும். ஒரு வெற்றிலைக்காரருக்காகத் தேசம் தப்பலாமா?” டைரக்டர் எழுந்து ஜன்னலோரம் போய்ச் சாற்றைத் துப்பினார். “போகும்போது இன்னொரு கட்டு இருந்தால் வைத்துவிட்டுப் போங்கள்.”

சூசைமாணிக்கம் கரட்டை விட்டு இறங்கினார். தான் கிள்ளிய வெற்றிலையை மென்று துப்பிக்கொண்டே அது இல்லை என்று சொன்ன அந்த வாயை அவரால் மறக்க முடியவில்லை. ஒரு மனிதனை இவ்வளவு வெறுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

இரண்டாவது ராக்கெட் மாதா கோயில் பங்குச்சாமியாரின் கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. மூன்றாவது கிளம்பிய இடத்தையே சுற்றிவிட்டு, டைரக்டர் பங்களாவின் சமையலறைக்குள் ஜன்னல் வழியாகப் போயிற்று. எல்லாத் தடவையும் கொடிக்கால்தான் அழிந்தது. அழிவுக்கு மேல் அழிவு என்று பத்திரிகைகள் எழுதின.

ஜனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். வாணம் எங்கே வேண்டுமானாலும் விழுகிறது, குறி வைத்த இடத்தில் மட்டும் விழுவதில்லை. அதற்குப் பிறகு, ராக்கெட் விடுமுன் கரட்டில் சங்கு ஊதினால் சுற்று வட்டாரம் முழுக்கக் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இலக்கை நோக்கி ஓடிவரும். படலுக்கு வெளியே செருப்புகள் மலையாகக் குவியும். ஆடு மேய்க்கும் மயிலம்மாள், ஆடுகள் அகத்தியைத் தின்றுவிடும் என்பதால் அவற்றை வரப்பில் கட்டிவிட்டு, அவற்றுக்காக மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வருவாள். சிவப்புக் கொடியின் கீழே கர்ப்பிணிகளுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இது ஆபீசுக்குத் தெரிந்து, துணை டைரக்டர் மாரியப்பன் ஜீப்பில் நின்றபடி ஒலிபெருக்கியில் பேசினார். “பொதுமக்களே! இலக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு சாகாமல் திரும்பிப் போவது எங்கள் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. உங்களுக்கு நாட்டுப்பற்று இருந்தால் பத்திரமில்லாத இடத்தில் போய் இருங்கள்!” கூட்டத்தை விரட்ட ஒரு காவலாளியையும் நிறுத்திவிட்டுப் போனார். அடுத்த சங்குக்குக் காவலாளி தன் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

சங்கு ஊதும் நாளில் கொடிக்காலுக்கு இவ்வளவு மதிப்பு. மற்ற நாளில் அது காய்ந்துகொண்டிருந்தது. சூசைமாணிக்கமும் இன்பமேரியும் காவேரியிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றிப் பார்த்தார்கள். குடத்துத் தண்ணீருக்குக் கட்டுப்படுகிற பயிரா அது? இலை மஞ்சளித்தது, அகத்தி உதிர்ந்தது, கீழ்ப்பாதி கருகி விறகாயிற்று. மேல்பாதி நாளையோ மறுநாளோ என்று நின்றது. இன்பமேரியின் தோள் குடம் தூக்கித் தூக்கிப் புண்ணாகி, அவள் ராத்திரியில் ஒருக்களிக்க முடியாமல் முனகினாள். சூசைமாணிக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெபம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை மன்னிக்கும் இடம் வந்தால் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். சேசுவிடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக.

அந்தச் சமயத்தில்தான் டில்லியிலிருந்து அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது. பெரிய ராக்கெட், பெரிய பந்தல், ஸ்விட்சை அமைச்சரே தம் திருக்கரத்தால் அழுத்தப்போகிறார். டைரக்டருக்குத் தூக்கம் போயிற்று. சின்ன ராக்கெட்டே சமையலறைக்கு வழி தெரிந்து வந்தது. பெரியது படுக்கையறைக்கு வந்தால்? சமையல்காரர் சொல்லி இது சூசைமாணிக்கத்தின் காதுக்கு வந்தது. அவர் கடைசிக் கவுளியைக் கட்டிக்கொண்டு இரண்டாம் தடவை கரடு ஏறினார்.

“ஏனுங்க, பயமா இருந்தா நம்ம கொடிக்காலுக்கு வந்துருங்க. ஊரே அங்கதானுங்க உக்கோரும்.”

“எனக்கா பயம்?” என்றார் டைரக்டர். சற்று நேரம் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்தார். “ஒரு விஞ்ஞானி இலக்கை அருகிலிருந்து ஆராய்வது வழக்கம்தான். சீமையில்கூட உண்டு. அங்கே நிழல் இருக்கிறதா?”

“மேபாதியில இருக்குதுங்க. அன்னைக்குச் சனங்க யாரையும் வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். நீங்க நிம்மதியா ஆராயலாம்.”

அங்கிருந்து அவர் நேரே துணை டைரக்டர் மாரியப்பனின் அறைக்குப் போனார். மாரியப்பன் அந்த நாற்காலியிலேயே தலை நரைத்தவர், தங்கசாமியின் நாற்காலியைப் பார்த்தபடியே நரைத்தவர். “ஒண்ணுமில்லீங்க. பெரிய வாணம் உடறன்னைக்கு டைரக்டர் ஐயா இலக்குலயே வந்து உக்காரப்போறாருங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க,” என்றார் சூசைமாணிக்கம்.

மாரியப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உட்காருங்கள்,” என்றார். “காபி சாப்பிடுகிறீர்களா?” அந்த ஆபீசில் சூசைமாணிக்கத்துக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாள் வந்தது. ஊர் ஜனங்கள் சூசைமாணிக்கத்தின் பேச்சைக் கேட்டு ஆற்று மணலுக்குப் போய்விட்டார்கள். டைரக்டர் முழு உடுப்பில் வந்து படலுக்கு முன்னால் நின்றார். சூசைமாணிக்கம் குறுக்கே கையை நீட்டினார்.

“கழட்டுங்க.”

“மாண்புமிகு அமைச்சர் வந்திருக்கும் நாளில்—”

“அப்பப் பந்தலுக்கே போயிருங்க. நான் ஒண்ணும் தடுக்கலீங்க.”

கரட்டில் சங்கு ஊதியது. டைரக்டர் அவசர அவசரமாகக் கயிற்றை அவிழ்த்துப் பூட்ஸைக் கழற்றினார். புழுக்கம் தாங்காமல் பதக்கம் குத்திய கோட்டையும் தொப்பியையும் வேலி முள்ளில் மாட்டினார். வெறுங்காலில் வறட்டு மண் குத்த, நொண்டி நொண்டிப் போய்ச் சிவப்புக் கொடிக்கு அடியில் உட்கார்ந்தார். சூசைமாணிக்கம் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

அமைச்சர் ஸ்விட்சை அழுத்தினார். பெரிய ராக்கெட் உறுமியது, கக்கியது, மேடை தெரியாத அளவுக்குப் புகையை விட்டது. அமைச்சர் இருமி ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ராக்கெட் இருந்த இடத்தில் ஒரு பெரிய தார்ப்பாய் இருந்தது. அதற்கு அடியில் நீளமாக ஏதோ படுத்திருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிகள் முழங்கின. இலக்கு தாக்கப்பட்டது, இலக்கில் இருந்த அனைத்தும் அடியோடு அழிந்தன.

கொடிக்காலில் டைரக்டர் பெருமூச்சு விட்டு வேர்வையைத் துடைத்தார். அப்போது ஒலிபெருக்கியில் மாரியப்பனின் குரல் தழுதழுத்தது. “மாண்புமிகு அமைச்சர் அவர்களே! மகிழ்ச்சியோடு ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ராக்கெட் விழுவதை நேரில் ஆராய வேண்டும் என்று, நாங்கள் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், நம் டைரக்டர் அவர்கள் இலக்கிலேயே போய் அமர்ந்திருந்தார். குறி தப்பாது என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை அத்தகையது. குறி தப்பவில்லை.”

டைரக்டர் துள்ளி எழுந்தார். அச்சடித்த தமிழெல்லாம் எங்கே போயிற்றோ. “அய்யய்யோ! நான் இங்கதான இருக்கறேன்! அட கெரகம் புடிச்சவனே, நான் சாவலடா!”

“உக்காருங்க, என்ன அவசரம்?” என்றார் சூசைமாணிக்கம். “போறதுன்னாப் போங்க. போயி வாணம் இங்க உழுவலைன்னு அமைச்சர்கிட்டச் சொல்லுங்க. அப்பறம் மின்ன உட்டதெல்லாம் எங்க உழுந்துச்சுன்னு கேப்பாரு. அதையுஞ் சொல்லுங்க. வெல்ல ஆலைக்காரரு, கோழிக்கூண்டுச் சாமியாரு எல்லாருந் தயாரா இருக்கறாங்க.”

ஜீப்புகளின் சத்தம் கிட்டே வந்தது. டைரக்டர் ஓடிப்போய், காய்ந்த அகத்திகளை விட்டுவிட்டு, இலை இருந்த மேல்பாதிக்குள் புகுந்துகொண்டார். சூசைமாணிக்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை மாதம் குடம் சுமந்த களைப்பு அந்த ஓட்டத்தைப் பார்த்ததில் பாதி இறங்கியது.

அமைச்சர் படலுக்கு வெளியே இறங்கி, பூட்ஸ், தொப்பி, கோட்டு மூன்றையும் பார்த்து விம்மினார். “மிஞ்சியது இவ்வளவுதானா?” மாரியப்பன் தேடுவது போல ஒரு நடை உள்ளே போனார். கொடிகளுக்கு இடையில் டைரக்டரின் இரண்டு கண்கள் தெரிந்தன. இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். மாரியப்பன் திரும்பி வந்து, “இலக்கில் உயிர்ப்பொருள் எதுவும் இல்லை, ஐயா,” என்றார்.

“அழிந்த இடம் என்கிறீர்கள், ஒரு பக்கம் பச்சையாக இருக்கிறதே?” என்று அமைச்சர் கேட்டார்.

“தியாக பூமி ஐயா. உடனே தளிர்த்துவிட்டது.”

அமைச்சர் கைகூப்பினார். பூட்ஸை வெள்ளிப் பீடத்தில் வைத்து, கொடி போர்த்தி, பாண்டு வாத்தியத்தோடு நாமக்கல் வீதிகளில் ஊர்வலம் விட்டு, பீரங்கி முழங்க எரித்தார்கள். நல்ல தோல், எரிய நேரமாயிற்று.

டைரக்டர் ஒரு வாரம் கொடிக்கால் குடிசையில் பதுங்கியிருந்துவிட்டு, தாடியும் மீசையுமாகத் தம் ஆபீசுக்குப் போனார். வாசலில் மாலை போட்டு மாட்டியிருந்த அவருடைய படத்துக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்த காவலாளி, வெறுங்காலோடு வந்தவரைப் பின்கட்டு வழியாகப் போகச் சொன்னார். மாரியப்பன் புது நாற்காலியில் இருந்தபடி மரியாதையாகவே பேசினார். “தாங்கள் எங்கள் எல்லோர் இதயத்திலும் வாழ்கிறீர்கள். தயவுசெய்து அங்கேயே இருங்கள்.”

கொடிக்காலின் நடுவில், கம்பம் நட்டிருந்த இடத்தில், பளிங்குச் சமாதி எழும்பியது. சமாதி என்றால் சுற்றிலும் பூஞ்செடி வேண்டும். பூஞ்செடி என்றால் தண்ணீர் வேண்டும். மதகைத் திறக்க அமைச்சரே மறுபடி வருவதாக ஏற்பாடு. ஆனால் திறப்பு விழாவில், வீரமரணத்தை நேரில் பார்த்த ஒரு பொதுஜனம் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும், அது விதி. அதற்குச் சூசைமாணிக்கத்தைப் போட்டிருந்தார்கள்.

முந்தின நாள் டைரக்டர் அவர் காலில் விழுந்தார். “உண்மையச் சொல்லிப்போடுங்க சாமி. நீங்க ஒருத்தருதான் என்னையப் பாத்தவரு. உங்க வாயிலதான் எம்பட உசுரு இருக்குது.”

“உங்களுக்கு உசுரு வந்துட்டா அந்தச் சமாதி எதுக்குங்க? சமாதி இல்லீன்னா மதகு எதுக்குங்க?” என்று கேட்டார் சூசைமாணிக்கம். இன்பமேரி புண்தோளில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, டைரக்டருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் மைக் முன்னால் சூசைமாணிக்கம் நின்றார். கூட்டத்தின் கடைசியில் தாடிக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

“எம்பட ரெண்டு கண்ணால பாத்தனுங்க. நான் வரப்புக்கு அக்கட்ட நின்னேன். வாணம் நேரா வந்துச்சுங்க, ஒரு முழம் இப்படி அப்படி இல்லீங்க, நடுத்தலைல உழுந்துச்சுங்க. துண்டு துணுக்கு மிஞ்சலீங்க. ஐயா நெம்ப நல்லவரு. போயிட்டாரு. இனித் திரும்பி வர மாட்டாருங்க.”

கூட்டம் கை தட்டியது. அமைச்சர் மதகைத் திருப்பினார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, சமாதியின் பூஞ்செடிகளுக்கு மரியாதைக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, கொடிக்காலின் வாய்க்கால்களில் பாய்ந்தது. விழா முடிந்து ஜீப்புகள் போனதும் சூசைமாணிக்கம் தாடிக்காரரிடம் ஒரு மண்வெட்டியை நீட்டினார். போக்கிடம் இல்லாதவர் வாங்கிக்கொண்டார். கீழ்ப்பாதியில் புதுக் கொடி பதிக்க மண் அணைக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சூசைமாணிக்கம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, பொய்ச்சாட்சி சொன்னதையும், ஒருவரை உயிரோடு சாகடித்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பங்குச்சாமியார் கேட்டார்.

“செஞ்ச பாவத்துக்கு வருந்தி மனஸ்தாபப்படறியா?”

சூசைமாணிக்கம் மனதுக்குள் தேடிப் பார்த்தார். நேர்மையாகத்தான் தேடினார். “இல்லீங்க சாமி. தண்ணி பாயற சத்தம் கேக்கறப்ப வர மாட்டேங்குதுங்க.”

“மனஸ்தாபம் இல்லாம மன்னிப்புக் குடுக்க முடியாதே.”

“தெரியுமுங்க சாமி. பரவால்லீங்க, வார சனிக்கிழமைக்கு வாரேன். அன்னைக்கும் வரலீன்னா அதுக்கடுத்த சனிக்கிழமை வாரனுங்க.”

எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்து, கோயில் வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவருடைய முறை. தாடிக்காரருக்கு மடை மாற்றத் தெரியாது, கூட நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.